கையெழுத்துக்குக் காத்திருந்த கோடை

கேப் டவுனிலிருந்து லிண்டிவே என்ற பெண் ராஜகுமாரிக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "உங்கள் மலையில் தண்ணீர் குறையப்போகிறது என்பது முதலில் யாருக்குத் தெரியவரும்?"

குன்னூரில் தண்ணீருக்காக வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளையின் அலுவலகத்தில் உட்கார்ந்து ராஜகுமாரி அதை மூன்று தடவை படித்தாள். கொரோனா முடக்கக் காலம் அது. அதற்கு முந்தின வாரம் வறட்சியைப் பற்றி ஓர் இணையவழிக் கருத்தரங்கு நடந்தது. பல நாட்டு நிபுணர்கள் பேசினார்கள். முடிகிற நேரத்தில் ராஜகுமாரி, "தண்ணீர் நின்ற பிறகு என்ன செய்வது என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நிற்பதற்கு மூன்று மாதம் முன்னால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். பேசியவர்களில் ஒருத்தியான கேப் டவுன் பல்கலைக்கழக நிபுணர் லிண்டிவேக்கு மட்டும் அந்தக் கேள்வி மனதில் தங்கியிருக்கிறது.

லிண்டிவேயின் கேள்விக்கு ராஜகுமாரிக்குப் பதில் தெரியும். அறிக்கைகளில் எழுதுகிற பதில் அல்ல அது. செம்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான நாலாம் நம்பர் லயத்தில் இருக்கும் வீரம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் வீரம்மா ஊற்றில் குடத்தை வைத்துவிட்டுத் தலை பின்னுவாள். பின்னி முடிப்பதற்குள் குடம் வழிந்தால் கவலையில்லை. பின்னி, பூ வைத்து, வெற்றிலையும் போட்டு முடித்த பிறகும் குடம் நிறையவில்லை என்றால் வரும் கோடை பொல்லாத கோடை. ராஜகுமாரி அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. "அவரைத்தான் நான் பார்க்க வேண்டும்."

ராஜகுமாரியும் அந்த நாலாம் நம்பர் லயத்தில் பிறந்தவள்தான். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஊட்டியில் புவியியல் படித்தாள். பிறகு லவ்டேலில் ஓர் உறைவிடப் பள்ளி அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். பிள்ளைகளின் பெற்றோருக்குப் போனில் பதில் சொல்லிச் சொல்லி ஆங்கிலம் அவள் நாக்குக்குப் பழகியது அங்கேதான். கணவன் ஹரிஹரசுதன் அருவங்காடு தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும்.

இரண்டாயிரத்துப் பதினேழு கோடையில் லயத்துக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி லாரி வந்தது. பொறுக்க முடியாமல் அவள் அப்பா, தேயிலைச் சரிவுக்குக் கீழே வாய்க்காலில் தேங்கிய தண்ணீரை மொண்டு குடித்தார். நான்கு நாள் வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் காலை, குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது ராஜகுமாரி குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அழுகை வருவதற்கு முன்னால் குழாயை மூடினாள். அது அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஐந்து மைல் தூரத்தில் ஓர் உயிர் தண்ணீரால் போகும்போது தன் கை குழாயில் இருந்ததே என்ற நினைப்பு. பள்ளி வேலையை விட்டுவிட்டு அறக்கட்டளைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

லிண்டிவேயை இந்த மலைக்கு வரவழைக்க இரண்டு வருடம் ஆனது. அழைப்புக் கடிதத்தில் மாவட்டக் குடிநீர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். முதல் அதிகாரி பார்க்கிறேன் என்றார், மாற்றலாகிப் போனார். இரண்டாமவர், தென்னாப்பிரிக்காவில் கிரிக்கெட்காரர்கள் தவிர நிபுணர்களும் இருக்கிறார்களா என்று சிரித்தார், அவரும் போனார். மூன்றாவதாக வந்த பாலசுப்பிரமணியம்தான் கையெழுத்துப் போட்டார். கோயம்புத்தூர்க்காரர். வெயில் நாளிலும் கழுத்தில் மப்ளரோடுதான் இருப்பார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர்.

லிண்டிவே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பருத்த உடம்பு, முழங்காலில் வலி. ஆனாலும் செம்பாறைச் சரிவில் வீரம்மாவுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். தன் ஊரில் பெரும் பஞ்சம் வந்த வருடம் தானும் குடத்தோடு வரிசையில் நின்றதைச் சொன்னாள். ராஜகுமாரி மொழிபெயர்த்ததும் வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளோ படிச்சவங்களையுமா நிக்க வெச்சாங்க?" என்றாள்.

அந்தப் பயணத்தில் ஒரு வேலை உருப்படியாக நடந்தது. பத்து ஊற்றுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வோர் ஊற்றுக்கும் லயத்துப் பெண் ஒருத்தி பொறுப்பு. செவ்வாய்க்கிழமை தோறும் பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பார்த்து ராஜகுமாரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்த பிறகு, கேப் டவுனில் லிண்டிவேயும் குன்னூரில் ராஜகுமாரியுமாக ஒரு வறட்சித் திட்டம் எழுதினார்கள். அதன் உயிர்நாடி ஓர் அட்டவணை. பாதிக்கு மேற்பட்ட ஊற்றுகளில் வாளி நிறைய அறுபது விநாடிக்கு மேல் ஆனால், முதல் கட்டம். ரிசார்ட்டுகளுக்கு லாரிகள் மேல் ஓடையில் தண்ணீர் எடுப்பதை நிறுத்துவது, நகரத்துக்கும் லயங்களுக்கும் ஒரே மாதிரி முறை வைத்துத் தண்ணீர் விடுவது, இருக்கிற தொட்டிகளையெல்லாம் நிரப்பி வைப்பது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், அளவு வந்துவிட்டால் வேலை தொடங்க வேண்டும். லிண்டிவே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பஞ்சம் வரும்போது கூட்டம் போட்டு முடிவெடுக்கக் கூடாது. முடிவை முன்னாலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்."

அடுத்த ஜனவரி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, வீரம்மாவின் ஊற்றில் வாளி நிறைய எழுபத்து நான்கு விநாடி ஆனது. மற்ற ஒன்பதில் ஆறு ஊற்றுகளும் அறுபதைத் தாண்டியிருந்தன. ராஜகுமாரி தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பாலசுப்பிரமணியத்தின் அறைக்குப் போனாள்.

"சார், பத்துல ஏழு ஊத்து அறுபதைத் தாண்டிருச்சுங்க. முதல் கட்டம் ஆரம்பிக்கணும்."

அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "ஏனுங்க மேடம், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. நானும் அந்தப் பிளானைப் படிச்சேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா அது இன்னும் பிளான் இல்லீங்களே."

"பின்ன என்னங்க சார் அது?"

"டிராஃப்ட்டுங்க. எம்.ஓ.யூ. ஒப்பந்தம் கையெழுத்தானாத்தான் பிளான். வெளிநாட்டு நிறுவனம் சம்பந்தப்பட்டதில்லீங்களா, ஃபைல் சென்னைக்குப் போயி, அங்கிருந்து டெல்லிக்குப் போயிருக்குது. ஒப்புதல் வராம நான் ஒரு வால்வைக்கூடத் திருப்ப முடியாதுங்க."

"மேல் ஓடையில லாரி நிக்கறதைத் தடுக்க டெல்லி எதுக்குங்க சார்? நீங்க ஒரு லெட்டர் போட்டாப் போதாதா?"

"எந்த அடிப்படையிலன்னு கேப்பாங்க. இந்த அட்டவணையை வெச்சுன்னு எழுதினா, ஒப்புதல் ஆகாத வெளிநாட்டுக் காகிதத்தை வெச்சு உத்தரவு போட்டியான்னு எனக்கு மெமோ வரும்."

ராஜகுமாரி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப நாங்க இந்தப் பிளானே எழுதாம இருந்திருந்தா, நீங்க லாரியை நிறுத்தியிருக்கலாமா சார்?"

பாலசுப்பிரமணியத்துக்குப் பொய் சொல்ல வராது. "என் அதிகாரத்துலயே நிறுத்தியிருக்கலாமுங்க," என்றார்.

அன்று அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் கணக்குப் பார்த்தாள். நாலு வருடம் ராப்பகலாகத் தேடிப் பிடித்த உறவு. எத்தனை வீடியோ அழைப்பு, எத்தனை விசாப் படிவம், எத்தனை அறையில் எத்தனை பேருக்கு முன்னால் கைகட்டி நின்றது. எல்லாம் சேர்ந்து, இருந்த கதவையும் சாத்திவிட்டதே.

லிண்டிவேயிடம் சொன்னபோது அவளுக்கும் கோபம் வந்தது. உதவி செய்வதாக நினைத்து, தன் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் எழுதினாள். ஊற்றுகளின் அளவைச் சொல்லி, முதல் கட்டத்தை உடனே தொடங்குமாறு கேட்டிருந்தாள். அது மேலே போன வேகத்தில் கீழே வந்தது. நம் ஊர்த் தண்ணீர்க் கணக்கை வெளிநாட்டுக்குக் கொடுத்தது யார் என்று பாலசுப்பிரமணியத்திடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் ராஜகுமாரிக்குப் போன் செய்தார்.

"மேடம், ஒப்புதல் வர்ற வரைக்கும் அளக்கறதையே நிறுத்தி வையுங்க. நான் புள்ளைகுட்டிக்காரனுங்க."

"அளக்காம இருந்தா ஊத்து ஊறிருமாங்க சார்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அளப்பதை நிறுத்தவில்லை.

யாருடைய கையெழுத்தும் தேவைப்படாத வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். நாலாம் நம்பர் லயத்துக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்துக் கல் தொட்டி ஒன்று வெடித்துக் கிடந்தது. எஸ்டேட்டின் உதவி மேலாளர் அருள்ராஜ் இளைஞன். அவனிடம் கேட்டபோது, "எங்க எஸ்டேட் தொட்டிதானே மேடம், கட்டிக்கோங்க," என்றான். அந்த மலையில் அவளுக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே சுருக்கமான பதில் அதுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஹரிஹரசுதனும் அவன் கூட வேலை செய்யும் மூன்று பேரும் வந்து வெடிப்பை அடைத்து, ஊற்றிலிருந்து குழாய் இழுத்தார்கள். சிமெண்ட் கையோடு சாப்பிட உட்கார்ந்த ஹரிஹரசுதன், "தென்னாப்பிரிக்கா வரைக்கும் ஆள் தேடிட்டு, கடைசியில என்னைக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டே பாரு," என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச்சில் மலை காய்ந்தது. நகரத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர். மேல் ஓடையில் லாரிகள் காலை முதல் வரிசை கட்டி நின்றன. நாலாம் நம்பர் லயத்துக்கு மட்டும் தொட்டியில் தண்ணீர் இருந்தது, வீட்டுக்கு இரண்டு குடம். ராஜகுமாரிக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதலும் ஏப்ரல் இரண்டாம் வாரம் போயிற்று. சரிவுக்குக் கீழே இருந்த மூணாம் நம்பர் லயத்துக்கு லாரி வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவர்கள் குடங்களோடு மேலேறி வந்தார்கள். இவர்கள் மறித்தார்கள். காலங்காலமாக ஒரே மலையில் சேர்ந்து கொழுந்து பறித்த பெண்கள், கல்யாணம் காதுகுத்துக்குப் போய் வருகிறவர்கள், ஒருத்தி கூந்தலை ஒருத்தி பிடித்தார்கள். தள்ளுமுள்ளில் வீரம்மா தொட்டிப் படியிலிருந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

ராஜகுமாரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வீரம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா..."

"ஒரு லயத்துக்கு மட்டும் தண்ணி வெச்சே ராஜி. அதான் சண்டை."

"மத்த லயத்துல தொட்டி இல்லக்கா. எனக்கு வேற வழி தெரியல."

"ஒன்னைக் குத்தம் சொல்லல." வீரம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "மழையிலயும் அட்டைக்கடியிலயும் ஒன்றரை வருசம் அளந்தேன். ஒரு நாள் காட்டுமாடு தொரத்துச்சு, வாளியைப் போட்டுட்டு ஓடி, மறுபடி போயி அளந்தேன். தை மாசமே சொன்னேன்ல, எழுபத்து நாலுன்னு? அளந்து என்னம்மா ஆச்சு?"

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் வீரம்மா அளக்கவில்லை. அந்த ஊற்றை ராஜகுமாரியே போய் அளந்தாள். மே மாதம் அளக்க ஒன்றும் இல்லை. கல்லில் ஈரம் மட்டும் இருந்தது.

ஒப்புதல் ஜூன் மாதம் வந்தது. ஊட்டியில் ஒரு ஹோட்டலில் கையெழுத்து விழா வைத்தார்கள். அன்று நல்ல மழை. ஈரக் குடைகளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர்கள் எல்லோரும் மழையைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசினார்கள். லிண்டிவே வந்திருந்தாள். ராஜகுமாரிதான் நிகழ்ச்சித் தொகுப்பு. மேடையில் வைக்க வேண்டிய கோப்பைக் கடைசியாக ஒரு தடவை புரட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். அட்டவணையைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு வரி. எச்சரிக்கை அளவுகளைக் கூட்டுக் குழு பின்னர் முடிவு செய்யும்.

பாலசுப்பிரமணியத்தை ஓரமாக அழைத்தாள். "சார், அட்டவணை எங்கீங்க?"

"மேல எடுக்கச் சொல்லிட்டாங்க மேடம். அளவு வந்தா உடனே செய்யணும்னு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு யாராச்சும் கேஸ் போட்டுருவாங்களாமுங்க. விடுங்க, இன்னைக்குக் கையெழுத்தாகட்டும்."

"அதை எடுத்துட்டா மீதி என்னங்க சார் இருக்கு? ரெண்டு நாட்டுக் கொடியும் ஒரு போட்டோவுமா?"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வாழ்க்கையில் அதுவரை ஓர் அதிகாரியிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் நிற்கவில்லை, கோப்பை எடுத்துக்கொண்டு லிண்டிவேயிடம் போய் அந்த வரியைக் காட்டினாள்.

லிண்டிவே மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். "அட்டவணை இல்லாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

விழா முக்கால் மணி நேரம் நின்றது. விருந்தாளிகளுக்கு வர்க்கி பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். வராந்தாவில் போன் மேல் போன் பறந்தது. கடைசியில் பாலசுப்பிரமணியம் வியர்த்த முகத்தோடு வந்தார். அட்டவணையைச் சேர்க்கலாம். ஆனால் தலைப்பில் ஆலோசனைக்கு மட்டும் என்று போட வேண்டும்.

லிண்டிவே ராஜகுமாரியைப் பார்த்தாள். "இது உன் மலை. போடவா, வேண்டாமா? நீ சொல்."

ராஜகுமாரிக்கு அந்தக் கோப்பைக் கிழித்து எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் இதையும் விட்டால் அடுத்த ஜனவரியில் பாலசுப்பிரமணியம் கையில் ஒன்றும் இருக்காது. ஒப்புதல் ஆகாத காகிதம் என்று இனி யாரும் சொல்ல முடியாது என்பதாவது மிஞ்சும். "போடுங்கள்," என்றாள். பிறகு மைக்கின் முன்னால் போய் நின்று, எழுதி வைத்திருந்த வரவேற்புரையைப் படித்தாள். கைதட்டினார்கள்.

வீரம்மாவுக்கு மேடையில் பொன்னாடை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் வரவில்லை. மறுநாள் ராஜகுமாரி லயத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். வீரம்மா கேட்டுக்கொண்டே கோழிக்குத் தீனி போட்டாள். முறிந்த கை சரியாகக் கூடவில்லை. கொழுந்து பறிக்கிற வேகம் இல்லை என்று களை பிடுங்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஆலோசனைக்கு மட்டும்னா, செஞ்சாலும் செய்யலாம், செய்யாட்டியும் கேக்க முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்க்கா."

"அதுக்கு நாலு வருசமா?" என்றாள் வீரம்மா. கேலியாகச் சொல்லவில்லை. ராஜகுமாரிக்காகவும் வருந்துகிற குரலாக இருந்தது. அதைத் தாங்குவதுதான் ராஜகுமாரிக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆண்டு மழை ஏமாற்றவில்லை. ஊற்றுகளில் பன்னிரண்டு, பதினைந்து விநாடியில் வாளி நிறைந்தது. ஊர் பஞ்சத்தை மறந்தது. கூட்டுக் குழுவின் முதல் கூட்டம் பிப்ரவரிக்குத் தள்ளிப் போயிற்று. அதை ஹோட்டலில் வைக்கக் கூடாது, லயத்தில்தான் வைக்க வேண்டும் என்று ராஜகுமாரி பிடிவாதம் பிடித்தாள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பரா முன்னால் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, பாலசுப்பிரமணியம், மடிக்கணினித் திரையில் கேப் டவுனிலிருந்து லிண்டிவே. எதிரே இரண்டு லயத்துப் பெண்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜகுமாரி கெஞ்சிக் கூட்டி வந்ததால் வீரம்மாவும் கடைசி வரிசையில் இருந்தாள்.

பெரிய அதிகாரி இரு நாட்டு நட்பைப் பற்றிப் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். லயத்தின் கோடியிலிருந்து யாரோ, "பைப்புல தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினார்கள். ஒரே நொடியில் பந்தல் காலியாயிற்று. நாற்காலிகள் சாய்ந்து கிடந்தன.

"எங்க போறாங்க எல்லாரும்?" என்றார் அதிகாரி.

"அஞ்சு நாளைக்கு அப்புறம் தண்ணி வந்திருக்குங்க சார். அரை மணி நேரம்தான் விடுவாங்க."

"நாம கன்டினியூ பண்ணலாமே?"

"அவங்க வரட்டுங்க சார்," என்றாள் ராஜகுமாரி. மழை பெய்த வருடத்திலேயே இந்த லட்சணம் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று மடிக்கணினியையும் குழாயடிப் பக்கம் திருப்பி வைத்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாலசுப்பிரமணியம் மப்ளரைச் சரிசெய்தார். முப்பத்தைந்து நிமிடம் கூட்டம் அப்படியே நின்றது.

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வீரம்மா இடது கையால் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை.

"ஐயா, எனக்குக் களையெடுக்கப் போகணும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மறுபடி அறுபதைத் தாண்டினா, என்னிக்கு லாரியை நிறுத்துவீங்க?"

அதிகாரி பாலசுப்பிரமணியத்தைப் பார்த்தார். அவர் கோப்பைப் பார்த்தார். "அது குழுவுல பரிசீலிக்கப்படும்மா," என்றார் அதிகாரி.

வீரம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பை எழுத உட்கார்ந்தாள் ராஜகுமாரி. வீரம்மாவின் கேள்வியை அவள் கேட்டபடியே, அவள் பெயரைப் போட்டு எழுதினாள். பதில் என்ற இடத்தில் பரிசீலிக்கப்படும் என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, மறுநாள் பாலசுப்பிரமணியத்தின் மேசையில் வைத்தாள்.

அவர் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார். "இது விட்டுப் போச்சுங்களே மேடம்."

"விட்டுப் போகலைங்க சார். பதில் வரலை. அப்படியேதான் சென்னைக்குப் போகணும்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு எதையும் நிரப்பாமல், அடியில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.